ஓமத்தண்ணி யாருக்கு?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை ஐந்தரை, பால். ஏழே முக்கால், பால், பாதியைக் கக்கிவிட்டாள். பத்து மணி, பால். பத்தேகால், தூக்கம். பத்து இருபதுக்கு முழிப்பு.

இப்படித்தான் எழுதச் சொன்னார் ஃபிலோமினா மேடம். இதை எழுத ஒரு மனுஷி எதற்கு? கடிகாரமே எழுதிக்கொள்ளும்.

டைரி இவருடைய மில்லில் புது வருஷத்துக்குக் கொடுத்தது. இவர் என்றால் என் வீட்டுக்காரர் தனுஷ்கோடி, நூல் மில்லில் எலக்ட்ரீஷியன். ஜனவரியிலிருந்து ஓர் எழுத்துகூட எழுதாமல் டி.வி.க்கு அடியில் போட்டு வைத்திருந்தார். நான் எடுத்துக்கொண்டேன். பால் கணக்கு எழுதியது போக மிச்ச இடத்தில் என் மனதில் பட்டதை எழுதுவேன். வேறு யாரிடம் சொல்வது? இவரிடம் சொன்னால் "ம்" என்பார். பிள்ளையிடம் சொன்னால் அழுகிறாள்.

ஃபிலோமினா மேடம், பிள்ளையை எங்களுக்குத் தத்துக் கொடுத்த இல்லத்திலிருந்து வருகிறவர். கடைசி உத்தரவு கைக்கு வரும்வரை அவ்வப்போது வீட்டுக்கு வந்து பார்ப்பார்களாம். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். கோயில், ஆஸ்பத்திரி, மறுபடி கோயில் என்று சுற்றிவிட்டு, இல்லத்தில் பேர் எழுதிக் காத்திருந்து, போன மாதம்தான் பிள்ளை வீட்டுக்கு வந்தாள். அப்போது அவளுக்கு இரண்டரை மாதம்.

பேர் இசைவாணி. வைத்தவர் இவர்தான், அழுகையைக் கேட்பதற்கு முன்னால். இப்போது தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கச்சேரி ஆரம்பமாகிறது. இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு, கையை இறுக்கி மூடிக்கொண்டு, முகமெல்லாம் ரத்தமாகச் சிவந்து, அருப்புக்கோட்டைக்கே கேட்கிற மாதிரி அழுகிறாள். பகலில் சமர்த்து. பொழுது சாய்ந்தால் வேறு பிள்ளை.

இன்று ஏழரை மணிக்கு இவர் என்னிடம், "பேர மாத்திருவமா?" என்றார். சிரிப்பு வரவில்லை எனக்கு.

ஆகஸ்ட் 11, திங்கள்

இவருடைய அக்கா வெள்ளத்தாய் மதினி வந்தார். பின் தெருவில்தான் வீடு. எங்கள் கொல்லைக்கும் அவர் கொல்லைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறார். மாவு புளிப்பதற்குள் அவர் வாய் புளித்துவிடும்.

பிள்ளை அழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தோளில் போட்டு, மடியில் போட்டு, குப்புறப் போட்டு எல்லாம் செய்துகொண்டிருந்தேன்.

"பசிக்கு அழுவுறது வேற, வலிக்கு அழுவுறது வேற. பெத்தவளுக்குத்தான் அந்த அழுக புரியும்" என்றார்.

பேசாமல் இருப்பது என் குணமில்லை. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுப் பிள்ளையைத் தோள் மாற்றினேன்.

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "வந்து வந்து பாக்குறாகளாமே. பிள்ளைக்கு இந்த வீடு ஒத்துக்கலைன்னா திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவாகளாமே. பாத்துக்க."

இவர் மில்லிலிருந்து வந்ததும் கேட்டேன். "அப்படியெல்லாம் இருக்காது" என்றார். இருக்காது என்கிறாரே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பிள்ளைகள் டாக்டரிடம் போனோம். எடை ஏறவேயில்லை. போன தடவை இருந்ததிலேயே நிற்கிறது. எடை மெஷின் முள்ளை இரண்டு தடவை குனிந்து பார்த்தேன்.

டாக்டரம்மா நல்லவர். பிள்ளையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், தொட்டுப் பார்த்தார், பால் கரைப்பது எப்படி என்று என்னையே செய்து காட்டச் சொன்னார். பாட்டிலைச் சாய்க்கிற விதத்தில் பாலோடு காற்றும் உள்ளே போகிறதாம். நிமிர்த்தி வைத்துக் கொடுக்க வேண்டும், நடுவில் நிறுத்தி ஏப்பம் விட வைக்க வேண்டும், குடித்ததும் படுக்கப் போடக் கூடாது. "இது சில பிள்ளைங்களுக்கு வர்றதுதான். கொஞ்ச நாள் ஆனா தானா நின்னுரும்" என்றார்.

பிறகு விரலை நீட்டி, "வசம்பு, தேன், கஷாயம், எதுவும் பிள்ளை வாயில வைக்கக் கூடாது. பால் மட்டும்தான். யார் சொன்னாலும் சரி" என்றார்.

"வெளிய தடவலாமா?" என்றேன்.

"பெருங்காயமா? தடவிக்கங்க. சூடா எதையும் வச்சிராதீங்க."

இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் ஃபிலோமினா மேடம் வருவார். அதற்குள் இந்த முள் நகர வேண்டும். நகராவிட்டால் என்ன ஆகும் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஊரெல்லாம் கொடியேற்றம். எங்கள் வீட்டில் ஆறு மணிக்கு ஏறியது, ஒன்பதரைக்கு இறங்கியது.

ஆகஸ்ட் 18, திங்கள்

பெருங்காயத்தை வெந்நீரில் உரசித் தொப்புளைச் சுற்றித் தடவுகிறேன், உள்ளே படாமல். வெற்றிலையில் விளக்கெண்ணெய் தொட்டு விளக்கில் வாட்டி, என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, சூடு போனபின் வயிற்றில் போடுகிறேன். கால் இரண்டையும் பிடித்து சைக்கிள் மிதிக்க வைக்கிறேன். கொஞ்சம் காற்றுப் பிரிகிறது. பிரிந்ததும் ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், நான்தான் ஏதோ தப்புச் செய்த மாதிரி.

வீடு, துணி, என் கை, இவர் சட்டை, எல்லாம் பெருங்காய வாடை. மில்லில் இவரிடம், "என்னண்ணே, சாம்பார் பிசினஸ் ஆரம்பிச்சிட்டீகளா?" என்று கேட்டார்களாம். இவர் "ம்" என்றாராம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அதிசயம். மாவு வாங்க மதினி வீட்டுக்குப் போனேன், பிள்ளை தோளில் அழுதுகொண்டே. மதினி கிரைண்டரைப் போட்டதும் கப்சிப். கண்ணை உருட்டிக்கொண்டு கல் சுற்றுகிற சத்தத்தைக் கேட்கிறாள். அரிசி அரைத்து முடிகிறவரை ஒரு சத்தம் இல்லை. கிரைண்டரை நிறுத்தியதும் உதட்டைப் பிதுக்கினாள்.

மதினி மறுபடி சுவிட்சைப் போட்டார். "உளுந்து கெடக்கு, அதையும் ஆட்டிருவோம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

இனி சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். அவர் வாய்க்குக் கிரைண்டர் சத்தம் நல்ல மறைப்பு.

ஆகஸ்ட் 21, வியாழன்

பக்கத்து வீட்டுக் கனகமணிக்கும் கைப்பிள்ளை. பையன், இசைவாணிக்கு ஒரு மாதம் மூத்தவன். அவன் அழுது நான் கேட்டதே இல்லை. எப்படியம்மா என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்கிறதில்லக்கா. நான்தான் ஓமத்தண்ணி குடிக்கிறேன். சோம்பு, சீரகம் போட்டுக் காய்ச்சிக் குடிக்கிறேன். வாயு பதார்த்தம் தொடுறதில்ல. நம்ம சாப்பிடுறதுதான பால்ல எறங்குது" என்றாள்.

சொன்னபிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. முகம் சின்னதாகிவிட்டது. "இல்லக்கா... நான்..." என்று இழுத்தாள்.

"அதனாலென்ன" என்று சொல்லிவிட்டு வந்தேன். இசைவாணி குடிப்பது டின் பால். அதில் எது இறங்கும்?

ஆகஸ்ட் 22, வெள்ளி

எனக்குக் கொஞ்ச நாளாகவே வயிறு உப்புசமாக இருக்கிறது. ஓமமும் சோம்பும் வாங்கி வந்து காய்ச்சிக் குடித்தேன். என் வயிற்றுக்காகத்தான்.

ஆகஸ்ட் 23, சனி

கத்தரிக்காய் எனக்கு அரிப்பு என்று இப்போதுதான் கவனிக்கிறேன். இத்தனை வருஷமாகச் சாப்பிட்டிருக்கிறேன், கவனித்ததில்லை. உருளைக்கிழங்கும் வாயு. மொச்சையும் வாயு. பூண்டு ரசமும், சுட்ட அப்பளமும், பருப்பில்லாத சோறும் போதும். உடம்புக்கு நல்லது.

காதில் பஞ்சு வைத்திருக்கிறேன், கனகமணி பிள்ளை பெற்றபோது வைத்திருந்த மாதிரி. வெயில் மண்டையைப் பிளக்கிறதே, எதற்குப் பஞ்சு என்று இவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அதுவும் வீணாகப் போயிற்று.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மதினியோடு சண்டை.

மத்தியானம் டிபன் கேரியரில் கறிச்சுக்கா கொண்டுவந்தார். அவர் வறுக்கிற சுக்காவுக்கு இந்தத் தெருவே ஏங்கும். நானும் ஏங்குகிறவள்தான். வேண்டாம் மதினி, வயிறு சரியில்லை என்றேன்.

"முந்தாநாள் கத்தரிக்காக் கொழம்பு குடுத்துவிட்டேன், வயிறு சரியில்லன்ன. நேத்து மொச்சப்பயறு அவிச்சுக் குடுத்தேன், தொடல. இப்பக் கறியும் வேண்டாங்குற. ஒனக்கு வயிறு சரியில்லையா, இல்ல என்னையத்தான் பிடிக்கலையா?"

"அதெல்லாம் இல்ல மதினி."

"அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லிட்டேன்னு மனசுல வச்சிக்கிட்டு என் கை பட்ட சோத்த ஒதுக்குற. தெரியாதா எனக்கு? பதினாறு வருசமாப் பாக்குறேன் ஒன்னைய."

"நீங்க சொன்னது ஒரு வார்த்தையா மதினி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

மதினி டிபன் கேரியரை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போனார், வலதில் அவருடையது, இடதில் என் செருப்பு.

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? சொல்ல ஒன்றுமில்லை. வயிறு சரியில்லை, அவ்வளவுதான்.

இவர் அந்தக் கறியை எடுத்துக் கனகமணி வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, என்னோடு ரசம் சோறு சாப்பிட்டார். "எனக்கும் எறங்கலை" என்றார். இந்த மனுஷருக்கு மட்டன் இறங்கவில்லையாம். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மதினி வீட்டுக்குப் போக முடியாது. ஆறு மணிக்குப் பிள்ளை ஆரம்பித்தாள். மிக்சியைப் போட்டுப் பார்த்தேன், பயந்து வீறிட்டாள். டேபிள் ஃபேனைப் போட்டேன், மதிக்கவில்லை.

கொல்லைப்பக்கம் தூக்கிக்கொண்டு போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். பிள்ளை மெல்ல அடங்கித் தூங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தினமும் கொல்லையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். இந்த மதினி ஆறு மணிக்குக் கிரைண்டரைப் போட்டால் எட்டுவரை நிறுத்துவதில்லை. அப்படி என்ன வியாபாரம் என்று தெரியவில்லை. இவர் காதைக் கூர்மையாக்கிக் கேட்டுவிட்டு, "இது அரிசி போட்ட சத்தமில்ல. தண்ணி மட்டும் ஊத்தி ஓட்டுது அக்கா" என்றார்.

பைத்தியமா அவருக்கு? கல் தேய்ந்துவிடாதா, கரண்டு பில் எகிறாதா? ஆளில்லாத அறையில் ஒரு ஃபேன் ஓடியதற்கே முன்பு ஒருநாள் என்னோடு வழக்குப் போட்டவர்.

செப்டம்பர் 1, திங்கள்

டாக்டரிடம் போனோம். எடை ஏறியிருக்கிறது. கொஞ்சம்தான், ஆனாலும் ஏறியிருக்கிறது. அந்த முள்ளை முத்தமிடலாம்போல இருந்தது.

"நிமித்தி வச்சுப் பால் குடுக்குறீங்கல்ல, அதான். வயசும் ஏறுது, இனிமே கொறைஞ்சுக்கிட்டே வரும்" என்றார் டாக்டரம்மா. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அழுகை இப்போது ஒரு மணி நேரம்தான். டாக்டர் சொன்னதுதான் காரணம். வேறு காரணமும் இருக்கலாம் என்று நான் நினைப்பதை அவரிடம் சொன்னால், எனக்கு ஊசி போட்டுவிடுவார்.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்று சத்தம் போட்டுச் சிரித்தாள். தூக்கத்தில் இல்லை. என் முகத்தைப் பார்த்து, பொக்கை வாயைத் திறந்து. இவரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் மூடிவிட்டாள். இவர் மில்லுக்குப் போகாமல் முக்கால் மணி நேரம் எதிரே குந்தியிருந்து, கடைசியில் ஒரு கொட்டாவியைப் பார்த்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நான் ஒரு மடச்சி.

கனகமணி பருப்பு வடை சுட்டிருந்தாள். வாசனை ஆளைத் தூக்கியது. இரண்டு வாரமாக ரசம் சோறு. ஒன்றே ஒன்று எடுத்து, நின்றபடியே தின்றேன்.

சாயங்காலம் பிள்ளை அழுதாள் பாருங்கள், அப்படியொரு அழுகை சமீபத்தில் இல்லை. வயிறு கல் மாதிரி இருந்தது. வெற்றிலை போட்டேன், பெருங்காயம் போட்டேன், கொல்லைக்குத் தூக்கிப் போனேன். கிரைண்டர் ஓடியது, அப்படியும் அடங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். கடலைப்பருப்பு வாயு என்று தெரியாதா எனக்கு? நாக்கை அடக்கத் தெரியாத ஜென்மம்.

யார் தின்றதற்கு யாருக்கு வயிறு வலிக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. நான் பத்தாவது வரை படித்தவள். டின் பாலுக்கும் என் வாய்க்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவளுக்கு வலித்தது, நான்தான் தின்றேன். இனிமேல் தொடமாட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நாளை மறுநாள் ஃபிலோமினா மேடம் வருகிறார். குடும்பத்துப் பெரியவர்கள் யாராவது இருந்தால் பேசிப் பார்க்க வேண்டும் என்றாராம். இவர் போய் அக்காவைக் கூப்பிட்டுவிட்டு வந்தார்.

"வருதாமா?" என்றேன்.

"ம்" என்றார்.

வந்து என்ன சொல்லப் போகிறாரோ. பெற்றவளுக்குத்தான் தெரியும் என்று அந்த மேடத்திடமும் சொல்லிவிட்டால்? வீட்டைத் துடைத்தேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். பிள்ளையைத் துடைத்தேன். பயம் மட்டும் துடைக்கத் துடைக்க அங்கேயே நிற்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான்கு மணிக்கு வருவதாகச் சொன்ன மேடம் ஒன்றரைக்கே வந்துவிட்டார். நானும் இவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மதினி அப்போதுதான் வந்து, என்னோடு பேசாமல் வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை தொட்டிலில் முழித்துக்கொண்டு கிடந்தாள்.

மேடம் பிள்ளையைத் தூக்கினார், கொஞ்சினார், கால்கைகளைப் பார்த்தார். டாக்டர் சீட்டைப் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தவர் மேடையைப் பார்த்துவிட்டார். அங்கே டம்ளரில் ஓமத்தண்ணி, மூடி போட்டு.

மோந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஓமத்தண்ணி யாருக்கு?"

"எனக்குத்தான் மேடம்."

"உங்களுக்கு என்ன?"

"வாயு."

"ஜெயக்கொடி, எங்கிட்ட மறைக்காதீங்க. பிள்ளைக்கு வயிறு வலின்னு சொன்னீங்க. இந்த மாதிரி எதையாவது ஊத்தி விட்டு, ஆஸ்பத்திரியில கொண்டுபோய் நிப்பாட்டுனவங்களை நான் பாத்திருக்கேன். பிள்ளைக்குக் குடுக்குறீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் நம்பவில்லை. நம்பாத முகம் எனக்குத் தெரியும். தொட்டிலைப் பார்த்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போதுதான் இவர் எழுந்து வந்தார். எச்சில் கையோடு.

"அது பிள்ளைக்கு இல்ல மேடம். அவதான் குடிக்கிறா. பத்தியம் இருக்கா."

"என்ன பத்தியம்?"

"பிள்ளைக்கு வயிறு மந்தமாகக் கூடாதுன்னு. மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. கத்தரிக்கா, கெழங்கு, பருப்பு எதுவும் தொடுறதில்ல. கறி தொடுறதில்ல. வெந்நியிலதான் குளிக்கிறா. நீங்களே தட்டப் பாருங்க."

எங்கள் இரண்டு பேர் தட்டிலும் பூண்டு ரசம் சோறு. இவர் தட்டிலும். அப்போதுதான் நானும் அதைப் பார்த்தேன். இந்த மனுஷர் ஒருநாள்கூட ஒரு ஊறுகாய் கேட்கவில்லையே.

மேடம் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காதில் இருந்த பஞ்சைப் பார்த்தார். "பிள்ளை டின் பால்தானம்மா குடிக்குது?" என்றார், மெதுவாக.

"தெரியும் மேடம்" என்றேன். "போய்ச் சேராதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அது வலியில துடிக்கும்போது நான் எப்படி மேடம் மொச்சையும் கறியும் தின்னுட்டு உக்காந்திருப்பேன்? என்னால ஆனது வேற என்ன இருக்கு?"

அந்த மேடத்திடம் அவ்வளவு நீளமாக நான் பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை. மேடம் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "எனக்கும் கொஞ்சம் குடுங்க. காலையில இருந்து பஸ்ஸு, வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்று வாங்கிக் குடித்தார்.

கிளம்பும்போது கேட்டுவிட்டேன். "பிள்ளைக்கு ஒத்துக்கலைன்னு எடுத்துட்டுப் போயிருவீங்களா மேடம்?"

"வயிறு வலிச்சு அழுததுக்கா? யாரு சொன்னது இதை?"

நான் மதினியைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன். மதினி மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் எடுத்துட்டுப் போகமாட்டாங்க. உத்தரவு வர்றது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். அடுத்த தடவை வரும்போது ஒழுங்கா நாலு காய் வச்சுச் சாப்பிடுற தட்டப் பாக்கணும் நான்" என்று சொல்லிவிட்டு மேடம் போனார்.

மதினி எழுந்து, தொட்டிலுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, போய்விட்டார். அதுவும் கோபமோ என்னவோ.

நான் இவரிடம், "தெரிஞ்சிருந்தும் ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? தாய் பத்தியம் இருக்கான்னு நெனச்சேன்" என்றார்.

இவர் பேசாமல் இருப்பதே நல்லது. பேசினால் இப்படி ஆளை உடைத்துவிடுகிறார்.

செப்டம்பர் 17, புதன்

சாயங்காலம் கொல்லைப்பக்கம் கிரைண்டர் ஓடியது. இன்று வெறுங்கல் சத்தமில்லை, வேறு ஏதோ கனமாக அரைபட்டது. கருப்பட்டி காய்ச்சுகிற வாசனையும் வந்தது. பிள்ளை கால் மணி நேரம் முனகிவிட்டுத் தூங்கிவிட்டாள்.

செப்டம்பர் 18, வியாழன்

விடிந்ததும் வெள்ளத்தாய் மதினி வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் சம்படம். முகத்தை முந்தாநாள் விட்ட இடத்திலேயே தூக்கி வைத்திருந்தார்.

"குளிச்சிட்டியா?"

"குளிச்சிட்டேன் மதினி."

"வெந்நியிலயா?"

"ஆமா."

"வந்து உக்காரு."

சம்படத்தைத் திறந்தார். சுக்கும் திப்பிலியும் மிளகும் ஓமமும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கலந்த வாசனை வீட்டைத் தூக்கியது. கறுப்பாக, எண்ணெய் மினுமினுக்க, பேறுகால மருந்து. பிள்ளை பெற்றவளுக்குக் கிளறிக் கொடுக்கிற மருந்து. எங்கள் பக்கம் முதல் உருண்டையை நாத்தனார்தான் ஊட்ட வேண்டும். இந்தத் தெருவில் எத்தனையோ பேருக்கு மதினி கிளறிக் கொடுத்திருக்கிறார். கனகமணிக்குக்கூட. அந்த வாசனை சுவர் தாண்டி வரும்போதெல்லாம் நான் கொல்லைக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

"இது எனக்கு எதுக்கு மதினி? நான் பெத்தவ இல்லையே" என்றேன்.

மதினி ஓர் உருண்டையைக் கிள்ளி எடுத்து, விரல் நுனியில் உருட்டினார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

"பத்தியம் இருக்கிறவளுக்கு மருந்து குடுக்காம வயித்தக் காயப் போட்டா, ஊரு ஒன்னையப் பேசாது. நாத்தனாக்காரி என்னத்தப் புடுங்குனான்னு என்னையத்தான் பேசும். அது வந்த அன்னைக்கே கிளறியிருக்கணும் நான். புத்தி வேலை செய்யல. வாயத் தொற."

வாயைத் திறந்தேன். மருந்து நாக்கில் பட்டதும் காரம் உச்சிக்கு ஏறியது. அந்தக் காரத்தில்தான் கண்ணில் தண்ணீர் வந்தது என்று எழுதினால், ஓமத்தண்ணி என் வாயுவுக்கு என்று எழுதிய மாதிரிதான் இருக்கும். இல்லை. அழுதேன். பதினாறு வருஷத்தையும் சேர்த்து அழுதேன்.

மதினி தன் முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தார். அவர் கை முழுக்கக் கருப்பட்டி, என் கன்னமெல்லாம் ஒட்டியது.

"ஏய், அழுகைய நிப்பாட்டு" என்று அதட்டினார். "பச்ச ஒடம்புக்காரி அழக் கூடாது."

அதைக் கேட்டபிறகுதான் நன்றாக அழுதேன்.